மங்களம் மிஸ்ஸியின் கிராம்பு

சுங்கை சிப்புட்டில் ஒரு டயர்க் கடைக்குப் பக்கத்தில், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் சிறிய நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே மெசின் அலாரம் அடித்தால் தாதிகளில் ஒருத்தி எழுந்து போய்ப் பார்ப்பாள். நிலையத்தின் பொறுப்பாளர் மங்களம் மிஸ்ஸி குரல் கொடுத்தால் டயர்க் கடைச் சீனரும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார்.

அந்தக் குரல் மங்களத்துக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா ரப்பர் தோட்டத்தில் தண்டல். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன மர நிரை என்று வேலை பிரித்துக் கொடுப்பவர். பிற்பாடு தோட்டத்தை விற்றார்கள். குரலை யாரும் வாங்கவில்லை. மங்களம் அதை அரசாங்க மருத்துவமனைகளுக்கு எடுத்துப் போனார். தாதியாக, ஊர்ப் பேச்சில் மிஸ்ஸியாக, இருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்த நிலையத்துக்கும் கொண்டுவந்தார்.

குரலுக்குப் படியாத ஆள் ஒருவர்தான். சதாசிவம், பழைய லோரி ஓட்டுநர். வாரம் மூன்று முறை வந்தாக வேண்டியவர், இரண்டு முறை வருவார். சில வாரம் ஒரு முறை. வராவிட்டால் உடம்பில் நீர் தங்கிக் கால் வீங்கும், மூச்சு முட்டும். ஏற்கெனவே ஒருமுறை ஆம்புலன்ஸில் போய்ப் பிழைத்து வந்தார். இன்னொரு தடவை நுரையீரலில் நீர் ஏறினால் உத்தரவாதம் இல்லை என்று ஈப்போவில் டாக்டர் சொல்லிவிட்டார். இது மங்களத்துக்குத் தெரியும். சதாசிவத்துக்கும் தெரியும். தெரிந்தும் வராதவரை என்ன செய்வது என்பதுதான் மங்களத்துக்குத் தெரியவில்லை. தெரியாதபோது அவர் குரலை ஒரு படி ஏற்றுவார்.

"அண்ணே, செவ்வாக்கெழம ஏன் வரல?"

"காலு வலி லா, மிஸ்ஸி."

"அதுக்கு முந்தி?"

"மழ."

"மழைக்கும் கிட்னிக்கும் என்னாண்ணே சம்பந்தம்? கோப்பிக்கடைக்கு மட்டும் மழைல போலாமா?"

"கோப்பிக்கடைக்கு நடந்து போறேன் மிஸ்ஸி. இங்க உங்க வேன்ல வரணும்."

விஷயம் முழுவதும் அந்தப் பதிலில்தான் இருந்தது. ஆனால் மங்களம் அதற்குள் கோப்பியில் உள்ள நீரின் அளவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

இந்த நிலையில்தான் அவரை ஈப்போவுக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். சுகாதாரத் துறையில் கூட்டுத் தலைமை என்பது தலைப்பு. நடத்தியவர் டாக்டர் சுவர்ணா, ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண். அவர் சொன்னது எளிமையானது. தினமும் காலையில் வேலை தொடங்குமுன் தாதி, வேன் ஓட்டுநர், கூட்டித் துடைப்பவர், நோயாளி எல்லாரும் கொஞ்ச நேரம் கூடி நிற்க வேண்டும். ஆளுக்கு ஆள் தன் சிரமத்தைச் சொல்ல வேண்டும். தலைவர் கடைசியாகத்தான் வாய் திறக்க வேண்டும்.

மங்களம் கை தூக்கினார். "நான் கடைசியா பேசுறதுக்குள்ள எல்லாம் கெட்டுப் போயிராதா டாக்டர்?"

"கெட்டால், எல்லாரும் சேந்து கெடுத்தது எண்டு ஒரு ஆறுதல் இருக்கும்," என்றார் சுவர்ணா.

மறுநாளே மங்களம் வாசலில் எல்லாரையும் கூட்டினார். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள். யாரும் சொல்லாமலே வரிசையாக நின்றார்கள். வேன் ஓட்டும் மாயாண்டி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கூட்டித் துடைக்கும் பாப்பா துடைப்பத்தைத் துப்பாக்கி மாதிரி நிமிர்த்திப் பிடித்தார். மங்களம் படிக்கட்டில் ஏறி நின்று பேர் கூப்பிட்டார். "வந்துட்டேன்!", "வந்துட்டேன்!" என்று பதில் வந்தது. பிறகு எல்லாரும் உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள்.

"நான் உத்தரவு போட மாட்டேன். நீங்கதான் பேசணும்," என்றார் மங்களம்.

யாரும் பேசவில்லை.

"பேசுங்கன்னு சொல்றேன்ல!"

டயர்க் கடைச் சீனர் எட்டிப் பார்த்தார்.

ஒரு வாரம் இப்படியே போயிற்று. பயிற்சியின் பலனைப் பார்க்க வந்த டாக்டர் சுவர்ணா வாசலிலேயே நின்றுவிட்டார். "மிஸ்ஸி, முதல்ல படியை விட்டு இறங்குங்கோ. பேர் கூப்பிட வேண்டாம். வட்டமா நில்லுங்கோ. நீங்கள் வாயே திறக்காதேங்கோ."

"அது முடியாது டாக்டர். முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்."

பாப்பா தன் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து நீட்டினார். "பல்லுவலிக்கு வச்சிருக்கேன் மிஸ்ஸி. நாக்குக்கு அடில வச்சுக்குங்க. வாயத் தெறந்தா காரம் ஏறும்."

மங்களம் வைத்துக்கொண்டார். வட்டமாக நின்றார்கள். மங்களத்தின் கண்ணில் நீர் வந்தது, வார்த்தை வரவில்லை. அவர் உண்மையாகவே பேசப் போவதில்லை என்பது மெல்ல உறைத்ததும், மாயாண்டி தொண்டையைச் செருமினார்.

"எனக்கு ஒரு சிரமம் இருக்கு. சதாசிவம் அண்ணன கூட்டப் போனா உள்ளேருந்து கதவ பூட்டிக்கிறாரு. நான் ஹாரன் அடிச்சு அடிச்சு, அந்தத் தாமான்ல இருக்குற வீட்டுக்காரங்க எல்லாரும் என்னய ஏசுறாங்க."

அன்று சதாசிவம் வந்திருந்தார். நோயாளிகள் சார்பில் அவரும் வட்டத்தில் நின்றார். "உன் வேன்ல ஏறுறதுக்கு நான் வீட்லயே சாகலாம்!"

மங்களம் வாயைத் திறந்தார். கிராம்பு தன் வேலையைச் செய்தது. மூடிக்கொண்டார்.

"ஏண்ணே, அவரு ஓட்டுறதுல என்னா குத்தம்?" என்று கேட்டார் பாப்பா.

"என்னா குத்தமா? கிரிக்லேருந்து ஈப்போ வரைக்கும் மரக்கட்ட லோரி ஓட்டுனவன் நான். ஒரு தடவகூட என் கியர் கத்துனதில்ல. இவன் கியர் மாத்துனா ஆடு வெட்டுற மாதிரி கேக்குது. பிரேக் வச்சா பின்னால இருக்குற நாங்க எல்லாரும் ஒண்ணா விழுந்து சாமி கும்பிடுறோம்."

"அப்ப நீங்களே ஓட்டுங்கண்ணே!" என்றார் மாயாண்டி.

"கண்ணு தெரிஞ்சா ஓட்டியிருப்பேன் லா!"

சர்க்கரை நோய் முதலில் சதாசிவத்தின் கண்ணைத்தான் மங்கலாக்கியது; லைசன் போனது அதனால்தான். அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் வேனின் பின்சீட்டில் உட்கார்ந்து வருவது அவருக்கு எப்படி இருக்கும் என்று ஒருவரும் யோசித்ததில்லை.

பாப்பாதான் மறுபடி பேசினார். "ஓட்ட வேணாம். முன்சீட்டுல ஒக்காந்துக்குங்க. காது நல்லாத்தான இருக்கு? கேட்டுச் சொல்லுங்க. அவரு கேட்டு நடக்கட்டும்."

மாயாண்டி முகம் சுளித்தார். எல்லாரும் மங்களத்தைப் பார்த்தார்கள். அவர் தலையசைத்தார். அதற்கு மேல் செய்ய அவரால் முடியவில்லை.

அன்றிலிருந்து சதாசிவம் ஒரு நாளும் தவறவில்லை. வேன் வருமுன்பே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். "கிளச்ச முழுசா மிதி. இப்ப இல்ல, இப்ப. சொன்னா கேக்க மாட்டியா?" என்று வழிநெடுக ஓதிக்கொண்டே வருவார். "என் பொண்டாட்டியே தேவல, மிஸ்ஸி," என்று மாயாண்டி தினமும் வட்டத்தில் முறையிட்டார். சதாசிவத்தின் கால் வீக்கம் வற்றியது. நல்ல காலத்தில்கூட மங்களம் கிராம்பை விடவில்லை. வாசம் வந்தால் மிஸ்ஸி கேட்கத் தயாராகிவிட்டார் என்று எல்லாரும் புரிந்துகொண்டார்கள்.

பிறகு மாயாண்டி, மகள் கல்யாணத்துக்காக லீவு எடுத்துச் சுங்காய் ஊருக்குப் போனார். அவருக்குப் பதில் வந்தவன் சுரேன், சுற்றுலா பஸ் ஓட்டுபவன். செவ்வாய்க்கிழமை வேன் பூப்போல வந்து நின்றது. சதாசிவம் ஒன்றும் பேசாமல் இறங்கினார், ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்.

வியாழக்கிழமை அவர் வரவில்லை. மங்களம் கிராம்பைத் துப்பிவிட்டுப் போனை எடுத்தார்.

"அண்ணே! ஏன் வரல?"

"அந்தப் பையன் நல்லா ஓட்டுறான் மிஸ்ஸி."

"அதனால?"

"அதனால எனக்கு அங்க என்னா வேல?"

கத்துவதற்கு எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் மங்களம் கத்தாமல் போனை வைத்தார். வெள்ளிக்கிழமை வட்டத்தில் எல்லாரும் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, கடைசியாக, "இதுக்கு எனக்கு வழி தெரியல. நீங்க சொல்லுங்க," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை அங்கே யாரும் அதற்குமுன் கேட்டதில்லை.

பாப்பா சுரேனை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, நாளைக்குக் கொஞ்சம் மோசமா ஓட்டு."

சுரேனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னாக்கா இது? நான் சுத்தமா ஓட்டுறது தப்பா?"

"தப்பில்ல தம்பி. ஆனா மருந்துக்கு ஆகாது."

சனிக்கிழமை காலை, தெருமுனையிலேயே ஆடு வெட்டும் சத்தம் கேட்டது. டயர்க் கடைச் சீனர் ஓடி வந்து பார்த்தார். வேன் குலுங்கி, விக்கி, நடைபாதையில் முட்டாமல் முட்டி நின்றது. கதவைச் சுரேன் திறக்குமுன் சதாசிவமே தள்ளித் திறந்தார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன, மூச்சு வாங்கியது. ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"யாருய்யா இவனுக்கு லைசன் குடுத்தது? வீட்டு வாசல்லயே ரெண்டு தடவ எஞ்சின் செத்துப்போச்சு. நான் மட்டும் பக்கத்துல இல்லாட்டி இன்னைக்கு எல்லாரும் கால்வாய்லதான் கெடந்திருப்பாங்க!"

சுரேன் தலையைக் குனிந்து நின்றான். வெட்கம் நிஜமாகவே இருந்ததால் நடிப்பு நன்றாக வந்தது.

மங்களம் கிராம்பை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். நிறுக்கும் தராசைக் காட்டினார். பிறகு நாற்காலியைக் காட்டினார். தாதி கையில் ஊசி ஏற்றினாள். மெசின் ஓடத் தொடங்கிய பிறகும் சதாசிவம் கியரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, மங்களம் கிராம்பைக் கன்னத்தின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"செவ்வாக்கெழம அவனுக்கு ரிவர்ஸ் சொல்லிக் குடுங்கண்ணே," என்றார்.