காது நோய் அலமாரி

நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னலில்லாத அறையில், வரும் புத்தகங்களுக்கெல்லாம் எண் போட்டு, முதுகில் சீட்டு ஒட்டி மேலே அனுப்புவதுதான் அவள் வேலை. எல்லோருக்கும் அவள் லேபிள் அக்கா. வாய் கொஞ்சம் நீளம். அதனாலேயே மாடிக்காரர்கள் யாரும் கீழே இறங்குவதில்லை.

அவளுடைய தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தையல்கடை வைத்திருக்கிறாள். கைகளால் பேசுவாள், ஊர்வம்பு தொடங்கினால் பார்க்கிறவர்களுக்குக் கண் போதாது. ஒருநாள் சைகை மொழிப் புத்தகம் தேடி நூலகத்துக்கு வந்தாள். கிடைத்தது, நோய் அலமாரியில், காதில் சீழ் வடிவதற்கும் மூக்கில் சதை வளர்வதற்கும் நடுவில். சீட்டு அக்காவே ஒட்டியது. "நான் எப்போக்கா நோயாளி ஆனேன்?" என்று கைகளால் கேட்டுவிட்டுப் போனவள், அப்புறம் நூலகப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அக்காவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மேலே 'எல்லோருக்கும் இடம்' என்று ஒரு குழு அமைத்தார்கள். அக்கா படியேறிப் போய், சைகை மொழிப் புத்தகங்களை மொழிகள் அலமாரிக்கு மாற்ற வேண்டும் என்றாள்.

"நல்ல யோசனைம்மா. குழு பரிசீலிக்கும்," என்றார் தலைமை நூலகர்.

பரிசீலித்தார்கள். சுவரொட்டியில் கைகோத்து நிற்கும் பொம்மைகளுக்கு என்னென்ன நிறம் என்று மாதக்கணக்கில் பரிசீலித்தார்கள். அக்கா சொன்னது கிணற்றில் போட்ட கல். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று சொன்னவர்கள் இந்தக் குழுவைப் பார்த்ததில்லை.

பொறுத்துப் பார்த்தாள். குழு மொட்டைமாடியில் புகைப்படத்துக்கு நின்றுகொண்டிருந்த ஒரு மதியம், தள்ளுவண்டியோடு போய் அந்தப் புத்தகங்களை அள்ளி வந்தாள். பழைய சீட்டுகளைச் சுரண்டி, புது எண் ஒட்டி, கணினியிலும் திருத்தி, மொழிகள் அலமாரியில் அடுக்கினாள். பிறகு தங்கையின் கடைக்குப் போய்க் கையைக் காலைப் பிடித்து மறுபடி நூலகத்துக்கு வரச் சம்மதிக்க வைத்தாள்.

குழுவின் விழா நாள் வந்தது. காட்சி மேசையில் வைக்கச் சைகை மொழிப் புத்தகங்களைத் தேடி, தலைமை நூலகர் நேராக நோய் அலமாரிக்குத்தான் போனார். காது இருந்தது, மூக்கு இருந்தது, நடுவில் காலி. வியர்க்க விறுவிறுக்கக் கீழே ஓடி வந்தார்.

"அந்தப் புத்தகமெல்லாம் எங்கம்மா?"

"குணமாயிடுச்சு சார். டிஸ்சார்ஜ் பண்ணிட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"மேல மொழிகள் அலமாரிகிட்ட என் தங்கச்சி உக்காந்து படிச்சிட்டிருக்கா. அவளைக் கேட்டுத்தான்," என்றாள் அக்கா, அடுத்த சீட்டை ஒட்டியபடியே. "உங்க குழுவுல அவளுக்கு இடமில்லையே சார், அதான் நேரா கேட்டுட்டேன்."