காற்றை மட்டும் பார்த்த நாள்

குளிர்காலத்தில் ஜப்பானின் இஸுக் கடலில் காற்றுத் தொட்டி கட்டிக்கொண்டு முங்க வருகிறவர்கள் காலை ஆறு மணிக்கே தொமொயோவுக்குப் போன் போட்டுவிடுவார்கள். இன்றைக்கு எந்தக் கரையில் இறங்கலாம் என்று அவள் சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

பத்தொன்பது வருஷம் அந்தக் கடலோரச் சாலையில் பஸ் ஓட்டியவள் அவள். ஒரே நாளில் கிழக்குக் கரையையும், மலையைத் தாண்டி மேற்குக் கரையையும் பார்த்துவிட்டு வருவாள். ஜனவரி, பிப்ரவரியில் மேற்குக் காற்று எழுந்தால் மேற்குக் கரை கொதிக்கும். மலையின் மறைவில் கிழக்குக் கரையோ தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடக்கும். நாற்பத்திரண்டு வயதில் தானும் முங்கக் கற்றுக்கொண்டு, பஸ்ஸை விட்டுவிட்டு, முங்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவதையே தொழிலாக்கிக்கொண்டாள். பதினோரு வருஷத்தில், அவள் சொன்ன இடத்தில் இறங்கியவர்களுக்கு ஒரு சிராய்ப்புகூட வந்ததில்லை.

அந்தப் பிப்ரவரி ஞாயிறன்று டோக்கியோவிலிருந்து குஸுமியும் அவர் மனைவி கினுயேயும் வந்தார்கள். இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்கள்.

"மூணு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வரப்போறோம், தொமொயோ சான். ஏமாத்திடாதீங்க" என்று கிளம்பும்போதே போனில் சொல்லியிருந்தார் குஸுமி.

"நல்ல மேற்குக் காத்து. கண்ணாடி மாதிரி கிடக்கும். வாங்க."

இரண்டு நாள் முன்பு தெற்கே ஒரு புயல் கடந்து கிழக்கே வெகுதூரம் போயிருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியும். போனது போனதுதானே என்று விட்டுவிட்டாள்.

கிழக்குக் கரையில், கரும்பாறைகளுக்கு நடுவே சின்னக் குடா. சிமென்ட் சரிவு ஒன்று நீருக்குள் இறங்கும். பிடித்துக்கொள்ள நடுவில் ஒரு கயிறு. ஜலதோஷத்தால் காது அடைத்திருந்ததால் தொமொயோ கரையிலேயே நின்றுகொண்டாள்.

"இந்த ரப்பர் உடுப்புக்குள்ள நுழையறதுக்குள்ளயே எனக்கு வேர்த்துடுது" என்றாள் கினுயே.

"வழியில ரெண்டு பயறு ரொட்டி தின்னது யாரு?" என்றார் குஸுமி.

"மூணு. நீங்க சரியா பாக்கல."

பத்து மணிக்கு இருவரும் முங்கினார்கள். கடல் அசையாமல் கிடந்தது. அப்போதுதான் தொமொயோவுக்கு ஏதோ உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடாவின் முனைப்பாறையில் ஏழெட்டுப் பேராவது தூண்டில் போட்டிருப்பார்கள். இன்று ஒருவர்கூட இல்லை.

திரும்பிப் பார்த்தாள். அவள் தலைக்கு மேல் பாறை ஈரமாக இருந்தது. பனியாக இருக்கும் என்று நினைத்தாள். விரலால் தடவி நாக்கில் வைத்தாள். உப்பு.

சத்தமே இல்லாமல் குடாவின் நீர் வெளியே போயிற்று. கயிற்றின் அடிமுனை கட்டியிருந்த இரும்பு வளையம் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பார்த்ததே இல்லை. பிறகு மூன்று அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவள் முழங்காலை நனைத்தன. அதன்பின் ஒன்றுமே நடக்காதது போலக் கடல் அடங்கிவிட்டது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பதினான்கு நிமிஷம் கழித்து மறுபடி மூன்று. புயல் போகும் வழியில் தள்ளிவிட்ட அலைகள் அவை. மேலே வீசிய காற்று அவற்றைத் தடவி மறைத்திருந்தது.

இரண்டு தலைகள் வெளியே எழும்பியபோது கடல் அடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. இங்கே ஏறாதீர்கள் என்று தொமொயோ இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினாள். வடக்கே, அலைத்தடுப்புச் சுவருக்குப் பின்னால் இருந்த மீன்பிடித் துறையைச் சுட்டினாள். நீந்தினால் கால் மணி நேரம். குஸுமி கையை உயர்த்திவிட்டுத் துறைப் பக்கம் நீந்தத் தொடங்கினார்.

"கையெல்லாம் மரத்துப்போச்சு!" என்று கத்தினாள் கினுயே. "சும்மாதான கிடக்கு, இப்படியே ஏறிடறேன்!"

"வராதீங்க, கினுயே சான்! அலை வரப்போகுது, அங்கேயே நில்லுங்க!"

"எங்க அலை?"

அதற்குள் கினுயே கயிற்றைப் பிடித்துவிட்டாள். முதுகில் காற்றுத் தொட்டியோடு சரிவில் மண்டி போட்டபடி நகர்ந்தாள். தொமொயோ ஓடிப்போய் அவளுடைய தோள்பட்டையைப் பற்றி இழுத்தாள். நான்கு அடி ஏறியிருப்பார்கள். பின்னால் நீர் உள்வாங்கும் ஓசை கேட்டது.

முதல் அலையில் தாக்குப்பிடித்தார்கள். இரண்டாவது அலை இருவரையும் தூக்கிப் பாறையில் அடித்தது. தொமொயோவின் மணிக்கட்டு முறிந்தது. கை பிடியை விட்டது. மூன்றாவது அலைக்குப் பிறகு கினுயே பாறை இடுக்கில் கிடந்தாள். மூச்சு இருந்தது.

குஸுமி துறையில் கரையேறி, நனைந்த உடுப்போடு சாலையில் ஓடிவந்தபோது ஆம்புலன்ஸ் நின்றிருந்தது.

இடுப்பு எலும்பு முறிவோடு பிழைத்துவிடுவாள் என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள். நுரையீரலுக்குள் போயிருந்த கடல்நீர் விடவில்லை. ஆறாம் நாள் கினுயே இறந்துபோனாள்.

தகனம் முடிந்த அன்று தொமொயோ கட்டுப்போட்ட கையோடு குஸுமியின் முன்னால் தலைகுனிந்து நின்றாள்.

"நீங்க கையக் காட்டினீங்க. நானும் பாத்தேன், அவளும் பாத்தா" என்றார் குஸுமி.

"வாங்கன்னு சொன்னது நான்தானே."

குஸுமி அஸ்திக் கலசத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

அதன்பின் தொமொயோ வீட்டிலிருந்தபடி யாருக்கும் இடம் சொன்னதில்லை. விடிந்ததும் கரைக்கே போய், அரை மணி நேரம் கடிகாரத்தோடு நிற்பாள். அந்த மார்ச்சில் பதினோரு நாள் நின்றாள். ஏழு நாள் வேண்டாம் என்றாள். அதில் ஐந்து நாள் கடல் சாயங்காலம்வரை அசையவே இல்லை. வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.