இடைவேளைக்குப் பின் ஒரு மொட்டைத்தலை

இந்த வருஷம் நானும் கணவரும் சித்தூரிலும் திருப்பதியிலுமாக நிறையப் படம் பார்த்தோம். பாதிக் கதை மறந்துவிட்டது. ஒரு மத்தியானம் மட்டும் மறக்கவில்லை.

அன்று காலை திருமலையில் அவர் முடி கொடுத்திருந்தார். கீழே இறங்கியதும் தியேட்டர். தமிழ்ப் படமா தெலுங்கா என்று சண்டை போட்டு, இடைவேளை வரை பேசவில்லை.

பாப்கார்னோடு திரும்பி, இருட்டில் சந்தனம் மணத்த மொட்டைத்தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“கோவமெல்லாம் போச்சு. இந்தாய்யா, துன்னு.”

“எனக்குக் கோவமே இல்லம்மா,” என்றார் யாரோ ஒருவர். “முன்வரிசையில உங்க வூட்டுக்காரரு திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு கீறாரு.”

அரங்கெங்கும் மொட்டைகள்! வெட்கத்தோடு ஓடினேன்.

“அவருகிட்ட சொன்னத என்கிட்டயும் சொல்லு,” என்றார் கணவர். சொன்னேன்.

இப்போது அவருக்கு முடி வளர்ந்துவிட்டது. ஆனாலும் இடைவேளை முடிந்து உட்காருமுன் அந்தத் தலையைத் தடவிப் பார்க்கிறேன். அவரும் குனிந்து கொடுக்கிறார்.