அத்தையின் சந்தேகம்

அத்தையை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் படுவது ஒரு துணிக்கொடிதான். மலாயாவில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், சிரம்பானை ஒட்டிய ஒரு முகாமின் பின்புறத்தில், கொடியில் தொங்கிய பையன்களின் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஈரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட நின்ற எனக்கு மானம் போயிற்று. யார் துணியையோ இப்படித் தடவினால் திருட வந்தவள் என்று நினைக்கமாட்டார்களா?

அத்தை அப்பாவின் அக்கா. அம்மா இல்லாத எங்களை, அண்ணனையும் என்னையும், ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், வளர்த்தவள். பிறவியிலேயே யாரையும் சட்டென்று நம்பமாட்டாள். மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டினாலும் தானே ஒரு தரம் தூக்கிப் பார்ப்பாள். அப்பா சயாமுக்குப் போன பிறகு அந்தக் குணம் இன்னும் முற்றிவிட்டது. ரயில் பாதை போடும் வேலை, மூன்றே மாதம், அரிசியும் துணியும் தருவார்கள் என்று விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில், எங்களை வேலை வாங்கும் மண்டோர் சொன்னான். அப்பா லாரி ஏறினார். வருஷம் திரும்பியும் வரவில்லை.

அதே மண்டோர்தான் ஒரு நாள் எங்கள் வாசலில் வந்து நின்றான். பையன்களுக்கு முகாம் போட்டிருக்கிறார்களாம். இந்திய விடுதலைக்கு ஆள் திரட்டும் சங்கத்தார் அம்பாங்கான் பக்கம் நடத்துவது ஒன்று, ரயில் ஸ்டேஷனுக்கு அருகே புதிதாகத் திறந்தது இன்னொன்று. முகாமில் சேர்ந்தவனைச் சயாம் லாரிக்குப் பிடிக்கமாட்டார்கள். லயத்தில் சும்மா கிடப்பவனுக்குத் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்றான். அண்ணனுக்கு அப்போது மீசை அரும்பும் வயது.

"ஸ்டேஷன்கிட்ட உள்ளதுக்கு அனுப்புக்கா. அங்க வெள்ளச் சோறு, பூட்ஸு, புதுச் சட்டை எல்லாம் குடுக்குறான்லா."

அண்ணன் அந்த நிமிஷமே மனதுக்குள் பூட்ஸ் மாட்டிக்கொண்டுவிட்டான். மறுநாள் அத்தை மரவள்ளிக்கிழங்கு விற்கப் போகிறவளைப் போலக் கூடையைத் தூக்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஸ்டேஷன் முகாமில் சோறு வெந்துகொண்டிருந்தது. மாதக்கணக்காகக் கிழங்கே தின்ற எனக்கு அந்த வாசனையில் அழுகை வந்தது. புதுச் சட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அத்தை நேரே பின்பக்கம் போனாள், பார்த்தாள், திரும்பிவிட்டாள். அங்கே கொடியே கட்டவில்லை. அடுத்துப் போன அம்பாங்கானில் பையன்கள் கட்டையைத் துப்பாக்கியாகத் தோளில் வைத்து வெயிலில் நடை பழகினார்கள். சாப்பாடு மரவள்ளிக் கஞ்சி. ஆனால் பின்னால் கொடி நிறைய ஈரத் துணி. அவற்றிலிருந்த கோணல்மாணலான ஒட்டுகளைப் பையன்களே போட்டிருக்க வேண்டும்.

"இவனுங்க இங்கயே இருக்கிறவனுங்க. அங்க உள்ளவனுங்கள சட்ட அழுக்காகிற வரைக்கும் வெச்சிருக்க மாட்டானுங்க," என்றாள்.

அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அம்பாங்கானுக்குப் போனான். அந்த முகாமையும் அத்தை முழுசாக நம்பவில்லை. வாரம் தவறாமல் போய் அவனுடைய அழுக்குச் சட்டையைக் கேட்டு வாங்கி வருவாள். இங்கே பையன்களே துவைத்துக்கொள்வார்கள் என்று அங்கிருந்தவர்கள் எவ்வளவோ சொன்னார்கள். அவளுக்கு வேண்டியது சட்டையா என்ன, அவனைக் கண்ணால் பார்க்க ஒரு சாக்கு. கொஞ்ச நாளில் ஸ்டேஷன் முகாம் காலியாகிவிட்டது. பையன்களைச் சரக்கு வண்டியில் ஏற்றியதாகச் சொன்னார்கள். எங்கள் லயத்திலிருந்து அங்கே போனவர்களில் ஒருவரையும் நான் பிறகு பார்க்கவில்லை.

ஜப்பான்காரன் போனதும் அண்ணன் வீடு வந்து சேர்ந்தான். அவனுக்குப் பிறகு, அப்பாவோடு லாரி ஏறிய பக்கத்து வீட்டுக்காரர் சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக வந்தார். அப்பா வாந்திபேதியில் போய்விட்டார், பாயில் சுருட்டிய பிணத்தைத் தூக்கியவர்களில் தானும் ஒருவன் என்று அழுதார்.

"மூஞ்சியப் பாத்தியா?" என்று அத்தை கேட்டாள்.

மூடியிருந்தது என்றார்.

"அப்ப அது என் தம்பி இல்ல."

அவ்வளவுதான். கருமாதி என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. சொந்தக்காரர்கள் ஏசினார்கள், அவள் அசையவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பார்களா என்று திருப்பிக் கேட்டாள். எங்களுக்கு அழக்கூடத் தோதில்லாமல் போயிற்று. அண்ணனைக் காப்பாற்றிய அந்தச் சந்தேகத்தின் மேல் எனக்கு அப்போது அத்தனை கோபம்.

இப்போது என் மகள் தன் பையனுக்கு விடுமுறை முகாம் தேடுகிறாள். போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டுகிறாள், நீச்சல் குளம், கூடாரம், சிரிக்கும் பிள்ளைகள். போன வருஷம் போன பிள்ளைகளின் அம்மாமாரை நேரில் பார்த்துக் கேட்டாயா என்றேன். உங்களுக்கு எல்லாமே சந்தேகம்தானம்மா என்று அலுத்துக்கொண்டாள். யாரிடமிருந்து வந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அத்தை பல வருஷங்களுக்கு முன்பே செனாவாங்கில், அண்ணன் வீட்டில் காலமானாள். கருமாதியன்று, குடும்பத்தில் முன்னால் போனவர்களின் பெயர்களைச் சொல்லும்படி ஐயர் கேட்டார். தாத்தா பெயரை, அம்மா பெயரைச் சொன்ன அண்ணன் அதற்கு மேல் சொல்லாமல் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அண்ணன் அப்பாவின் பெயரைச் சொன்னான். எங்களுக்கு அன்றுதான் அப்பா செத்துப்போனார்.