முதுகு காட்டாத கணக்கு வாத்தியார்

பதினோரு வருஷம் கால்பந்து மைதானத்தில் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர், முழங்கால் மக்கர் பண்ணியதும் கணக்கு வாத்தியாராகப் போகிறேன் என்றார். கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். விளையாட்டு ஆசிரியர் வேலை தேடி வந்தது, வேண்டாம் என்றுவிட்டார். விசில் ஊதிக் காலம் தள்ள அவருக்கு மனசில்லை. ஆட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தே கணக்கில் பட்டம் வாங்கியவர். அது என்ன லேசுப்பட்ட காரியமா?

பள்ளியில் முதல் வருஷம் தற்காலிக வேலைதான். பாடம் நன்றாகவே எடுத்தார். ஆனால் பழைய பழக்கம் ஒன்று அவரை விடவில்லை. பந்துக்கு முதுகு காட்டாத கோல்கீப்பர் பிள்ளைகளுக்கும் காட்டவில்லை. வகுப்பைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நின்று கரும்பலகையில் எழுதுவார். எழுத்து மேடேறிப் பள்ளத்தில் இறங்கும்.

"ஆய்வுக்கு வர்ற அதிகாரி மேடம் முதல்ல போர்டைத்தான் பார்ப்பாங்க," என்றார் தலைமை ஆசிரியர். "இந்த எழுத்துக்கு வேலை நிரந்தரமாகாது சார். சொல்லிட்டேன்."

மனைவி அவரைச் சமையலறைக் கதவின் முன்னால் நிறுத்தி சாக்பீஸைக் கொடுத்தாள். "நேரா நின்னு எழுதுங்க. பின்னாலேருந்து யாரும் கோல் போட மாட்டாங்க."

பத்து நாளில் எழுத்து வழிக்கு வந்தது.

ஆய்வு நாளன்று திரும்பி நின்று ஒரு சமன்பாட்டை ஐந்து வரிகளில் எழுதினார். நூல் பிடித்த மாதிரி இருந்தது. கடைசி பெஞ்சில் இருந்த அதிகாரி தலையசைத்தார். வகுப்பின் பக்கம் திரும்பிய வாத்தியாருக்குத்தான் பகீரென்றது. மூன்றாம் வரிசைப் பெண் பேனாவை மூடி வைத்திருந்தாள். எந்த வரியில் கைவிட்டாள்? அவருக்குத் தெரியவில்லை, அவர்தான் பார்க்கவே இல்லையே.

வேலை போனால் போகட்டும் என்று ஐந்து வரிகளையும் அழித்தார். பக்கவாட்டில் நின்று மறுபடி கோணல்மாணலாக ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் அவள் புருவம் சுருங்கியது. சாக்பீஸை நிறுத்தினார்.

"இங்கதானம்மா இடிக்குது?"

"ஆமா சார். அந்த மூணு எப்படி அந்தப் பக்கம் போச்சு?"

நிதானமாக விளக்கினார். அவளோடு இன்னும் ஏழு பேர் நோட்டில் அந்த வரியைத் திருத்தினார்கள்.

மாலையில் ஆசிரியர்கள் அறையில் தலைமை ஆசிரியர் அதிகாரியின் அறிக்கையை வாசித்தார். "எழுத்து மோசம். வேலையை நிரந்தரம் செய்யலாம். மற்ற ஆசிரியர்கள் இவர் வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்."

கோப்பை வாங்கிய நாளில்கூட வாத்தியார் அழுததில்லை. இன்று எல்லார் முன்னிலையிலும் அழுதார், வெட்கப்படவும் இல்லை.