டோகோவில் இறந்தவர்கள்

இடியப்பத் தட்டுகளைப் பானைக்குள் அடுக்கி மூடியை வைத்ததும் அஜந்தா மாப்படிந்த கையைச் சட்டை ஓரத்தில் துடைத்துவிட்டுப் போனை எடுக்கிறாள். அவிந்து வரும் வரைக்கும்தான் அவளுக்கு நேரம். அதற்குள் அன்று ஈமெயிலில் வந்த பொய்க் கடிதங்களைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கொழும்பிலுள்ள முறைப்பாட்டு முகவரிக்கு அனுப்பிவிட வேண்டும். லொத்தரில் கார் விழுந்திருக்கிறது. பார்சல் ஒன்று சுங்கத்தில் நிற்கிறது. எங்கோ பாலைவனத்தில் ஒரு தளபதிக்கு அவளைப் பிடித்துப்போயிருக்கிறது. "இவருக்கு நேத்தும் என்னில விருப்பமாத்தான் இரிந்திச்சி" என்று சொல்லிக்கொண்டே தளபதியை அனுப்பிவைப்பாள். பானை ஓரத்தில் வெள்ளையாக ஆவி கிளம்பும்போது போன் மறுபடி மாத் தகரத்தில் சாய்ந்துகொள்ளும்.

செட்டிபாளையத்தில் அவளுடைய குசினி மேற்குப் பார்த்தது. வேலிக்கு அப்பால் தென்னைகள், தென்னைகளுக்கு அப்பால் வாவி. பின்னேரத்தில் அக்கரையான படுவான்கரைப் பக்கம் இறங்கும் வெயில் நீரில் பட்டுக் குசினிக்குள் புகுந்து ஆவியில் சிக்கி நிற்கும். அந்த மஞ்சள் புகைக்குள் அவள் நடமாடினால் தரையில் கால் படாமல் திரிகிற ஒருத்தியைப் போலிருக்கும். போன் ஆங்கிலத்தைத் தமிழாக்கித் தருவதை உரக்க வாசிப்பது அவள் வழக்கம். "அன்பான பயனாளியே, நலமா?" என்று குசினிக்குள் குரல் கேட்டால், உள்ளறையில் படுத்திருக்கும் தாய் புஸ்பம், "ஆருகா அது?" என்பாள். "ஒரு இளவரசனாம், அம்மா." "சாப்பிட்டிட்டுப் போகச் சொல்லு." இந்தப் பேச்சு அநேகமாகத் தினமும் நடக்கும்.

இவ்வளவு தொல்லை தரும் ஈமெயில் முகவரியை விட்டுவிட்டு வேறொன்று திறக்கலாமே என்று பலரும் சொல்லிவிட்டார்கள். அவள் கேட்கமாட்டாள். அதைத் திறந்து கொடுத்தவன் அவளுடைய தம்பி நிலோஜன். கடல் வழியாக ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படுவதற்கு முன், களுவாஞ்சிகுடியில் ஒரு நெற் கபேக்குக் கூட்டிப்போய், தகப்பன் நல்லரத்தினத்தின் பெயரையும் சேர்த்து அவளுக்கு அந்த முகவரியைச் செய்து கொடுத்தான். "போய்ச் சேந்த உடன இதுக்குத்தான் எழுதுவன். வேற ஆருக்கும் குடுத்திராத" என்றான். அவன் போன படகைப்பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவள் யாருக்கும் கொடுக்கவுமில்லை. இருந்தும் உலகத்திலுள்ள பொய்யர்கள் எல்லோரும் அந்த முகவரியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆரம்பத்தில் அவள் அவற்றைக் கணக்கிலெடுப்பதில்லை. பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. ஒரு வங்கி அதிகாரி எழுதியிருந்தார். ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டில் வேலை பார்த்த பொறியியலாளர் நல்லரத்தினம் கார் விபத்தில் காலமாகிவிட்டார், அவருக்கு உறவென்று யாருமில்லை, வங்கியில் கிடக்கும் அவர் பணத்துக்கு உரிமை கோர அதே பெயருள்ள உங்களைத் தேடிக் கண்டுபிடித்தோம்.

அஜந்தா அதை நின்றபடியே வாசித்தாள். தம்பி போன படகு திசைமாறிப் போயிருக்கலாம். வேறொரு கப்பல் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். அங்கே பாஸ்போட்டில் தகப்பன் பெயரை அவன் பெயராக எழுதியிருக்கலாம். இடது புருவத்தில் தழும்பு இருந்ததா என்று மட்டும் கேட்டு எழுதினாள். மறுநாளே பதில் வந்தது: "ஆம், மேடம். அவரேதான்."

பல கிழமைகள் அந்த வீடு வேறொரு வீடாக இருந்தது. அழுதார்கள்தான். ஆனால் அந்த அழுகைக்குள் ஒரு பெருமையும் கலந்திருந்தது. "எஞ்சினியரா வந்திட்டானே என்ட புள்ள" என்று புஸ்பம் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு கிடந்தாள். "அங்கயும் வாவி இரிக்குமா, மகள்?" அஜந்தா போனில் தேடிப் பார்த்தாள். இருந்தது. கடல், கடலையொட்டி மணல், மணலில் தென்னை, அதற்கு உள்ளே வாவி. படத்தைத் தாயின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அதற்குப் பிறகு பின்னேரங்களில் இடியப்பம் பிழியும்போது அவளுக்கு அந்த வாவியும் இந்த வாவியும் ஒன்றாகிவிடும். அக்கரையில் ஒரு பாலம் எழும்பும். மஞ்சள் தொப்பி போட்ட ஒருவன் அதன் மேல் நின்று ஆட்களுக்குக் கைகாட்டுவான். சத்தம் கேட்காது. அவனுக்கு வயது கூடியிருக்கும், கொஞ்சம் வயிறும் வைத்திருக்கும்.

அந்தப் பாலத்தை உடைத்தவர் மர்சூக் நானா. காத்தான்குடியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். பின்னேரம் ஓட்டோவில் வந்து இடியப்பம் ஏற்றிக்கொண்டு போகிறவர். ஒருநாள் வாசலில் நின்றே சிரித்தார்.

"தங்கச்சி, ஒரு புதினம் கேளுங்க. நான் மௌத்தாகிட்டன்."

"என்ன நானா பேச்சு இது?"

"டோகோவில எஞ்சினியரா இரிந்து கார் அடிபட்டு மௌத்தாம். ஈமெயில் வந்திரிக்கி. நான் ரெண்டு ரொட்டி திண்டுபோட்டுத்தான் இந்தா நிக்கிறன்."

போனை நீட்டினார். சொல்லுக்குச் சொல் அதே கடிதம். நல்லரத்தினம் இருந்த இடத்தில் மர்சூக் இருந்தது, அவ்வளவுதான். அஜந்தா வாசித்து முடித்து மறுபடி வாசித்தாள். அடுப்பில் தண்ணீர் வற்றி அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் திரும்பினாள். அன்றைய இடியப்பம் முழுவதும் வீணாயிற்று. சிரித்துக்கொண்டு வந்த மனிதர் ஏன் அவள் முகம் அப்படி ஆனது என்று அறிந்தபோது, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

தாயிடம் சொல்ல அவளுக்கு இரண்டு நாள் எடுத்தது. புஸ்பம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப அவன் காரில அடிபடல்லையா?"

"இல்லம்மா. எல்லாம் பொய்."

"அப்ப நல்லம்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அஜந்தா பொலிசுக்குப் போனாள். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார். "காசு அனுப்பினீங்களா? இல்ல. அடையாள அட்டை? அதுவும் இல்ல. அப்ப என்னத்தத் தங்கச்சி இழந்த நீங்க?" பாலத்தைப் பற்றியோ மஞ்சள் தொப்பியைப் பற்றியோ பொலிசில் எப்படிச் சொல்வது? அவர் ஒரு துண்டில் கொழும்பு முகவரியை எழுதிக் கொடுத்தார். அன்று தொடங்கியது இந்த வேலை.

அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்தான் வரும்: தங்கள் முறைப்பாடு கிடைத்தது. இயந்திரம் எழுதுகிறது என்று அவளுக்குத் தெரியும். "அதுவாவது மறுமொழி போடுதே" என்பாள். இதெல்லாம் குளத்தில் கல் போடுகிற வேலை என்று மர்சூக் நானா சொன்னபோது அவள் கோபிக்கவில்லை. "நானா, இதுகள் வந்து குவிஞ்சி கிடந்தா, ஒரு நாளைக்கு அவன்ட கடிதம் வந்தாலும் அதுக்குள்ள மறைஞ்சி போயிரும். நான் வழியக் கூட்டி வெக்கிறன்."

ஒரு மதியம் கொழும்பிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். சிங்கள வாடையுள்ள, மெல்லிய தமிழ். அஜந்தா அனுப்பியவற்றில் இரண்டு முகவரிகளை மூடிவிட்டார்களாம்.

"அவங்க வேற திறப்பாங்க, மிஸ்" என்றாள் அந்தப் பெண், கேட்காமலே.

"அப்ப இதால என்ன பிரயோசனம்?"

"மூடினதுக்கும் மறுபடி திறக்கிறதுக்கும் இடையில கொஞ்சப் பேர் தப்புவாங்க. யாரெண்டு எங்களுக்குத் தெரியாது. அவங்களுக்கும் தெரியாது."

அன்று பின்னேரம் அஜந்தா ரோட்டால் போகிறவர்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மீன்கூடை கட்டிய சைக்கிள்காரர், குடை பிடித்துக்கொண்டு போன பெண், ரியூசன் விட்டு வரும் பிள்ளைகள். இவர்களில் யாரோ.

அந்தக் கடிதத்திலிருந்து தப்பாதவளும் ஒருத்தி வந்தாள். போன கிழமை, தேற்றாத்தீவிலிருந்து, கம்சாயினி என்று ஒரு பெண். இந்த மாதிரிக் கடிதங்களைப் பற்றி அறிந்தவள் என்று யாரோ அஜந்தாவைச் சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய கணவன் திவாகரன் ஆழ்கடலுக்குப் போன வள்ளத்தோடு திரும்பவில்லை. இப்போது பொறியியலாளர் திவாகரன் டோகோவில் கார் விபத்தில் இறந்திருந்தார். வங்கிக் கணக்கும் அடையாள அட்டையும் கேட்டிருந்தார்கள். அனுப்ப முன்னம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள்.

அஜந்தா அவளைப் பலகைக்கட்டையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். மர்சூக் நானாவின் ஓட்டோ வந்து நின்றதும், "நானா, உங்களுக்கு வந்தத ஒருக்கா வாசிச்சிக் காட்டுங்க" என்றாள். அவர் அவளைப் பார்த்தார், வந்திருந்த பெண்ணைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார். சிரிக்கவில்லை. தன்னுடைய மரணத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, ஒரு சொல்லும் விடாமல், தணிந்த குரலில் வாசித்தார். பிறகு இடியப்பப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார்.

கம்சாயினி வாவிப் பக்கம் பார்த்தாள். ஒரு தோணி, துடுப்புப் போடுகிறவர் தெரியாமல், தானாகப் போவதுபோல் போய்க்கொண்டிருந்தது.

"இத அனுப்பினா அவனுகளப் பிடிப்பாங்களா, அக்கா?"

"தெரியா, தங்கச்சி. இந்த அட்ரச மூடுவாங்க. சிலவேள."

"அனுப்பினா மறுகா இது எனக்கிட்ட இரிக்காதா?"

"இரிக்கும். வேணுமெண்டா அழிக்கலாம், இல்லாட்டி வெச்சிரிக்கலாம்."

அவள் தலையசைத்தாள். பிறகு, "அக்கா, அந்த எஞ்சினியர் எண்ட இடத்த மட்டும் இன்னொருக்கா வாசிங்க" என்றாள்.

அஜந்தா அவளுடைய போனை வாங்கி வாசித்தாள். அவசரப்படாமல், திவாகரன் என்ற பெயருக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தி. கொழும்பு முகவரியை இட்டு, அனுப்பும் இடத்தைக் காட்டி, போனைக் கம்சாயினியின் உள்ளங்கையில் வைத்தாள்.

அவள் அழுத்துகிறாளா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அன்றைய வேலை முடிந்துவிட்டது, அடுப்பில் எதுவும் இருக்கவில்லை. இருந்தும் அஜந்தா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் குந்தி, அணைந்த கொள்ளியை ஊதிக்கொண்டிருந்தாள்.