விளிம்பில் இன்னொரு இடம்

முதலாளியின் பெல்ட் பச்சை நிறம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வாங்கிய புதிதில் பச்சையாக இருந்திருக்கலாம். நான் அவரிடம் கணக்கெழுதச் சேர்ந்தபோதே அது வியர்வையிலும் தேங்காய் எண்ணெயிலும் ஊறி, பாசி பிடித்த குளத்துப் படியின் நிறத்துக்கு வந்திருந்தது. கைலிக்கு மேல் நான்கு விரல் அகலத்துக்குக் கட்டுகிற பெல்ட். முன்பக்கம் பட்டன் வைத்த பணப்பைகள். வலது இடுப்பில், சட்டை மறைக்கும் இடத்தில், தனியாகத் தைத்துச் சேர்த்த ஒரு தோல் உறை. பட்டுக்கோட்டையில் செருப்புத் தைக்கிறவர் செய்து கொடுத்தது அது. உள்ளே வைக்கும் கைத்துப்பாக்கியைக் கடைத்தெருவுக்கு எடுத்துப்போய்க் காட்ட முடியாது என்பதால், முதலாளி அதைத் தாளில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு அந்தத் தாளைக் கொடுத்தார். செருப்புத் தைக்கிறவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன பாய், வாத்துக்குச் சட்டை தைக்கணுமா?" என்று கேட்டாராம். இந்தக் கதையை முதலாளி சொல்லாத ஆள் எங்கள் கமிஷன் மண்டிப் பக்கம் கிடையாது.

முதலாளி தேங்காய் வியாபாரி. சொந்தத் தோப்பும் உண்டு, ஆனால் பிழைப்பு மற்றவர்களின் தோப்பில்தான். வெட்டுக்கு முன்பே மரத்தைப் பார்த்து மதிப்புப் போட்டு, வெட்டுகிற அன்று தோப்பிலேயே நின்று கையில் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காய் ஏற்றுவார். அந்தக் காலத்தில் தோப்புக்காரர்கள் காசோலையை வாங்க மாட்டார்கள். அதனால் பைக்கில், ஆள் நடமாட்டமில்லாத தோப்புச் சாலைகளில், இடுப்பு நிறையப் பணத்தோடு அவர் போய்வர வேண்டியிருந்தது. அதே வழியில் இன்னொரு வியாபாரியை மறித்து வெட்டிப் பணத்தைப் பறித்தார்கள். அவருக்கு வலது கையில் விரல்கள் போயின. அதன் பிறகுதான் முதலாளி லைசென்ஸுக்கு மனுப் போட்டார். தஞ்சாவூரில் வயதாகிவிட்ட ஒருவர் விற்ற வெளிநாட்டுக் கைத்துப்பாக்கி அவருக்குக் கிடைத்தது. மெல்லிய தோட்டாதான், ஆனால் அந்த வகையில் நீளமானது, வேகம் கூடியது. மேக்னம் என்பார்கள். முதலாளி முதல்முறை அதைக் கையில் வாங்கியபோது, காயின் எடை பார்ப்பது போல உள்ளங்கையில் இரண்டு தரம் தூக்கிப் போட்டுப் பிடித்துவிட்டு, "உரிச்ச காய விட லேசா இருக்கு கணக்கு," என்றார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கணக்கு என்பதுதான் என் பெயர்.

லைசென்ஸ் வைத்திருப்பவர் தோப்பில் நின்று சுட்டுப் பழக முடியாது. தஞ்சாவூருக்கு வெளியே துப்பாக்கிக் கழகத்தின் மைதானத்தில், பயிற்சியாளர் முன்னிலையில்தான் சுட வேண்டும். முதலாளியின் வண்டியில் நானும் போவேன். சத்தம்தான் முதலில் ஆளை உலுக்கும். அவ்வளவு சின்னப் பொருளிலிருந்து அவ்வளவு பெரிய வெடிச்சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் சாதாரணத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். மேகமூட்டமான நாளில் முனையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு நெருப்பு வருவதும் தெரியும். ஆனால் கையை உதைக்காது. "அடிக்கிற மாதிரியே இல்ல, தட்டிக் கொடுக்குற மாதிரி இருக்கு," என்பார் முதலாளி. குறி சுமார்தான். தாளில் எங்காவது படும். அந்தத் தோட்டா எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் பழையதாக இருக்கும். அதனால் ஒவ்வொன்றையும் மிட்டாயைப் போல யோசித்து யோசித்துத்தான் செலவழிப்பார்.

ஒரு மார்கழிக் காலையில் துப்பாக்கி சுடவில்லை. விசையை இழுத்தார், டிக் என்றது, அவ்வளவுதான். "இறக்காதீங்க பாய், அப்படியே தாளைப் பாத்துப் பிடிச்சிருங்க, தாமதமா வெடிக்கலாம்," என்று பயிற்சியாளர் பின்னாலிருந்து சொன்னார். முதலாளி பிடித்தபடி நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. பயிற்சியாளர் தோட்டாவை எடுத்து வைத்துவிட்டுத் துப்பாக்கியைப் பிரித்தார். உள்ளே வெள்ளையாக உறைந்திருந்தது. முதலாளி தம் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயைத்தான் இத்தனை நாளும் அதற்குப் போட்டு வந்திருக்கிறார். தஞ்சாவூர்ப் பனியில் அது கட்டியாகிவிட்டது. "என்ன பாய், எண்ணெ தேச்சுத் தலை வாரிவிட்டுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்று பயிற்சியாளர் சிரித்தார். முதலாளிக்குக் கோபம் வந்தது. "ஒரு சொட்டுக் கலப்படம் கிடையாது அந்த எண்ணெயில," என்றார். பயிற்சியாளர் துடைத்துச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டு, வெடிக்காத அதே தோட்டாவைத் தூக்கிக் காட்டினார். மற்றத் துப்பாக்கிகளில் ஊசி தோட்டாவின் அடியில் நடுவில் குத்தும், இதில் விளிம்பில் குத்தும், மருந்து விளிம்பைச் சுற்றித்தான் இருக்கிறது என்று விளக்கினார். ஊசி பட்ட இடத்தில் ஒரு சின்னக் குழி இருந்தது. "திருப்பிப் போடுங்க. விளிம்புல இன்னொரு இடம் இருக்குல்ல." குழி வேறு பக்கம் வரும்படி முதலாளி திருப்பிப் போட்டு இழுத்தார். வெடித்தது. அந்த இடம் முழுக்க வெடிமருந்து வாசனையோடு எண்ணெய்ப் பலகாரம் சுட்ட வாசனையும் கலந்து வந்தது. பட்டுக்கோட்டைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. "செத்துப்போச்சுன்னு நெனச்சேன் கணக்கு. திருப்பிப் போட்டா உசிர் இருக்கு."

அந்தப் பொருளை அவர் ஒரு நாளும் ஒரு மனிதனை நோக்கி எடுத்ததில்லை. ஆனால் தேர்தல் வந்தால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், முடிந்த பிறகுதான் தருவார்கள். அந்த நாட்களில் அவருக்கு இருப்புக் கொள்ளாது. பேசிக்கொண்டிருக்கும்போதே வலது கை இடுப்புக்குப் போய், வெறும் உறையைத் தொட்டுவிட்டுத் திரும்பும். "என்னய ஒரு நாள் இப்படித் தொட்டுப் பாத்திருப்பாரா கேளுங்க தம்பி," என்று அவர் மனைவி காபி டம்ளரை என் முன்னால் வைத்துக்கொண்டே சொல்வார். முதலாளி, "உன்ன எவன் திருடப் போறான்?" என்று என்னைப் பார்த்தே பதில் சொல்வார். மூவரும் சிரிப்போம். அந்தச் சிரிப்பின் அடியில் இருந்தது எனக்கு அப்போது விளங்கவில்லை. திருடுவதற்கு ஏதாவது இருக்கிற ஆள்தான் துப்பாக்கி வைத்திருப்பான். அது இடுப்பில் இருக்கும்வரை அவர் வியாபாரி.

பிறகு அந்தப் புயல் வந்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் புயல் என்றால் எந்தப் புயல் என்று யாரும் கேட்பதில்லை. விடிந்து பார்த்தபோது தோப்பு என்ற ஒன்றே இல்லை. மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலை வைத்துப் படுத்திருந்தன. எவ்வளவோ வருடம் நிழலிலேயே கிடந்த மண்ணில் வெயில் அடித்தது. முதலாளியின் தோப்பில் வாய்க்கால் ஓரமாகச் சில மரங்கள் நின்றன, ஆனால் உச்சிக் கொண்டை திருகிப் போயிருந்தது. அவையும் பிழைக்காது என்று அவருக்குத் தெரியும். நிவாரணக் கணக்கெடுக்க வந்த வருவாய் ஆய்வாளரிடம், "ஒண்ணு கூட நிக்கல சார். தோப்பும் இல்ல, ஏவாரமும் இல்ல," என்றார். ஆய்வாளர் அப்படியே எழுதிக்கொண்டார்.

லைசென்ஸ் புதுப்பிக்கும் முறை அதற்குச் சில மாதங்கள் கழித்து வந்தது. விசாரணைக்கு வந்தவரும் அதே ஆய்வாளர். நல்ல மனிதர், பேச்சில் மரியாதை குறையாதவர். கிடந்த மரம் ஒன்றின் மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். துப்பாக்கி எதற்குத் தேவை என்று கேட்டார். வியாபாரத்துக்குப் பணம் எடுத்துப் போகிறேன், பாதுகாப்புக்கு வேண்டும் என்று முதலாளி எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

"பாய், நான் தப்பா கேக்கல. ஏவாரம் இல்லைன்னு இதே இடத்துல நீங்கதான் சொன்னீங்க. நிவாரணத்துக்கு அதத்தான் எழுதினேன். இப்ப ஏவாரம் இருக்குன்னு எழுதினா அந்தப் பேப்பர் பொய்யாயிரும். ரெண்டுல எத எழுதட்டும்?"

முதலாளி வாய்க்கால் ஓரத்து மரங்களைப் பார்த்தார். சிலது நிற்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லலாம், வாயில் வந்திருக்கும். சொன்னால் நிவாரணம் போகும். அந்தப் பணத்தில்தான் கன்று வாங்கி நடுவதாக இருந்தார். கை வழக்கம்போல இடுப்புக்குப் போயிற்று.

"நான் சொன்னது சொன்னதுதான் சார். ஒண்ணும் நிக்கல."

ஆய்வாளர் எழுந்து கைக்குட்டையை மடித்தார். "மனசுல வச்சுக்காதீங்க பாய். இனிமே உங்ககிட்ட எவன் வந்து என்னத்தப் புடுங்கப் போறான்?" ஆறுதலாகத்தான் சொன்னார். மனைவியிடம் தாம் விளையாட்டாகச் சொல்லி வந்த வார்த்தை முதலாளிக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். இடுப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

புதுப்பிக்க மறுத்து உத்தரவு வந்ததும், "திருப்பிப் போட்டுப் பாப்போம் கணக்கு, விளிம்புல இன்னொரு இடம் இருக்கும்," என்றார். மேலே ஒரு மனு, அதற்கும் மேலே ஒரு மனு. வளைகுடாவில் இருக்கும் மகன், "விடுங்க அத்தா, பொட்டுக் காசு இல்லாம துப்பாக்கி எதுக்கு?" என்று போனில் கேட்டான். அவன் பணம் அனுப்புகிறவன், அதனால் அவர் எதிர்த்துப் பேசவில்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் வந்தது. துப்பாக்கியை விற்கலாம் என்று விசாரித்தோம். தோட்டா கிடைக்காத துப்பாக்கியை யார் வாங்குவார்கள்? கடைசியில் காவல் நிலையத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். தேர்தல் எதுவும் இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. அங்கிருந்த எழுத்தர் அதைத் துணியில் சுற்றும்போது கையை மூக்கருகே கொண்டுபோய், "என்ன பாய், தேங்காண்ணெ வாசன அடிக்குது?" என்றார். முதலாளி சிரித்தார். வெளியே வந்து பைக்கில் ஏறும்போது, ஒரு பக்கம் கனம் குறைந்தவர் போல இடப்புறமாகச் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தார். அத்தனை லேசான பொருள் அது.

நிவாரணப் பணத்தில் கன்று நட்டார். கன்றுகள் ஆள் உயரம் வந்தபோது வெள்ளை ஈ விழுந்தது. மட்டையெல்லாம் கரி பூசினது போல ஆயிற்று. பட்டுப்போனவற்றைப் பிடுங்கி மறுபடி நட்டார், அவையும் அப்படியே ஆயின. மூன்றாவது தடவை நடவில்லை. நான் வேறு கடைக்குக் கணக்கெழுதப் போனேன். போகச் சொன்னவர் அவர்தான்.

போன வாரம் பார்க்கப் போனேன். தோப்பின் வேலி சரிந்து ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வாசலில் காவலுக்கென்று இருந்த இரும்பு கேட் திறந்தே கிடந்தது. மூடி ரொம்ப நாளாகிறது என்று துருவேறிய கீல் சொன்னது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பாதி ஆளாகியிருந்தார். வயிற்றில் சுற்றி வர அதே பெல்ட், புதிதாகத் துளை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். பணப்பைகள் தட்டையாகக் கிடந்தன. சாப்பாட்டு நேரம் வந்ததும் வலது கை சட்டைக்கடியில் போய்த் தோல் உறையிலிருந்து ஒன்றை எடுத்தது. பேனா போன்ற இன்சுலின் ஊசி. செருப்புத் தைக்கிறவர் வாத்துக்குத் தைத்த சட்டையில் அது அதுவரை தொளதொளவென்று ஆடிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

"லேசுதான்," என்றார்.

சட்டையைத் தூக்கி, தொப்புளைச் சுற்றி விரலால் தடவித் தேடினார். தோல் முழுக்கச் சின்னச் சின்னக் கருநீலப் புள்ளிகள். "டாக்டரு ஒரே இடத்துல போடக் கூடாதுன்றாரு. மாத்தி மாத்திப் போடணுமாம்." விரல் ஒரு முறை முழுவதும் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது. மறுபடி சுற்றத் தொடங்கியது.

"நீ கொஞ்சம் பாத்துச் சொல்லு கணக்கு. எனக்குத் தெரியல. எங்கயாவது எடம் இருக்கா?"

குனிந்து பார்த்தேன். வெகு நேரம் பார்த்தேன்.